மறு கை

பாகாயத்தில் ஏறும் இரண்டாம் நம்பர் பஸ்ஸில்
கைப்பையை மடியில் கிடத்தி
யாருக்கும் தெரியாமல் வாசித்துக்கொண்டு வருவேன்.
ரெக்சின்மேல் ஒரு சுரமும் தவறியதில்லை.

ஏழு மணிக்கு ரத்தம் எடுக்கும் அறை.
ஒரு நாளைக்கு நூற்றிருபது கை.
சித்தூர்க் கை, ஆரணிக் கை,
இரண்டு ராத்திரி ரயிலில் தூங்காத கல்கத்தாக் கை.
ரப்பர் பட்டை, பஞ்சு,
கையை மூடுங்க, முட்டீ பந்த் கரோ.
ஊசி பிடித்து நான் நடுங்கியதில்லை.

நடுங்கியது
மூன்று வருடம் முன்பு, ஒரு பெரிய வெள்ளி.
ஓட்டேரிப் பக்கம் எங்கள் சின்ன சபை.
கீபோர்டில் டிரான்ஸ்போஸை யாரோ
மூன்று படி ஏற்றி வைத்திருந்தார்கள்
(யாரோ என்ன, என் அக்கா மகன்தான், விடுங்கள்).
பார்க்காமல் ஆரம்பித்தேன்.
இரண்டாம் அடியில் பெண்கள் பக்கம்
குரல் கிழிந்தது.
ஆண்கள் ஒரு கட்டை கீழே இறங்கி
வேறு ஏதோ பாட்டைப் பாடினார்கள்.
நான் நிறுத்திவிட்டேன்.
எண்ணெய் காணாத மின்விசிறி மட்டும்
சுருதி விடாமல் அழுதது.

செருப்புக் குவியலில் என் ஜோடியைத் தேடும்போது
ஒருத்தி தோளைத் தொட்டு
பரவாயில்ல சிஸ்டர் என்றாள்.
அந்தப் பரவாயில்லை
மூன்று வருடம் என்னோடு பஸ் ஏறியது.

அப்புறம்
வால்யூம் இரண்டைத் தாண்டவில்லை.
சபை உரக்கப் பாடும் வரிகளில் மட்டும்
என் சத்தம் நடுவில் புகுந்து ஒளிந்துகொள்ளும்.
கஷ்டமான திருப்பம் வந்தால்
தாளைப் புரட்டுவதுபோல் நடிப்பேன்.
பெரிய தாள் என்று நினைத்திருப்பார்கள்.

போன மே மாதம்.
டோக்கன் எண்பத்தேழு,
மேல்விஷாரம் ஜரீனா பேகம்.
நாலு சுற்று மருந்து ஏறிய கை.
முதல் குத்தில் ரத்தம் வரவில்லை.
இரண்டாவதில் தோல் வீங்கி நீலம் பாய்ந்தது.
அந்தம்மா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.
பஞ்சை அழுத்தி
தினமும் பத்துப் பேரிடம் சொல்வதைச் சொன்னேன்:
"நரம்பு கோவிச்சுக்கிச்சும்மா. கை மாத்தலாம்."
இடது கையை நீட்டினார்.
வந்தது, கருஞ்சிவப்பாக, கேட்ட அளவுக்கு.
"அவ்ளோதானா?" என்றார்.

அவ்வளவுதான்.

மாலை பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன்.
குத்தித் தப்பிய இடம்
அந்தம்மா முழங்கையில் இரண்டு நாள் நீலமாக இருக்கும்.
தப்பிய அந்தப் பாட்டின் நீலம்
இப்போது எந்த உடம்பில் இருக்கிறது?
பாடியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.
அன்று இருமிய மாசிலாமணி ஐயர்
அடுத்த வாரமே மகளுக்கு நிச்சயம் என்று
லட்டு கொடுத்தார்.
சட்டையை மடித்துப் பார்த்தால்
என் கையில் மட்டும்.

அடுத்த ஞாயிறு நாற்பத்தொரு டிகிரி.
விரல் நுனியெல்லாம் வியர்வை.
மூன்றாம் சரணத்தில் வலது சுண்டுவிரல்
வழுக்கிக் கருப்புக் கட்டையில் விழுந்தது.
பிடரியில் அந்தப் பழைய சூடு.
வலது கை செத்தது.
இடது கைக்கு அது தெரியவில்லை போல,
சா பா, சா பா என்று
தண்ணீர்க் குடம் சுமப்பவள்போல்
பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது.
கை மாத்தலாம், என்று வாய் முணுமுணுத்தது.
அரை அடி தாண்டி
வலது கையும் வந்து சேர்ந்துகொண்டது.

கெமிஸ்ட்ரி வாத்தியார் தங்கதுரை மட்டும்
திரும்பிப் பார்த்தார்.
எப்போதும் அரைச் சுரம் தள்ளிப் பாடுகிறவர்.
பார்த்துக்கொண்டே
தள்ளியே பாடினார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வால்யூமை ஆறுக்குத் திருப்பினேன்.

திங்கள் காலை, இரண்டாம் நம்பர்.
மடியில் கைப்பை.
தொரப்பாடித் திருப்பத்தில் பஸ் குலுங்கி
சுண்டுவிரல் ஜிப்பில் போய் விழுந்தது.
பக்கத்து சீட்டுப் பெண் பார்த்தாள்.

வாசித்துக்கொண்டே போனேன்.