எண்ணிக்கை

தொலைபேசியில் அவர் கத்தவில்லை.
"தம்ளருக்குள் ஒன்று நடக்கிறது" என்றார்,
மாடிக்குக் குடிவந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஓடென்சேக்கு வடக்கே, நவம்பர்.
மூன்றரைக்கே விளக்குப் போட்டுவிட்ட தெரு.
யெப்பெ லூனோ, பேருந்து ஓட்டுநர்,
ஜாம் பாட்டிலை இரு கையாலும் நீட்டினார்.
மூடியில் ஆணியால் நான்கு துளைகள்.
மூச்சுக்காம்.

வெட்டிப்போட்ட நகத்துண்டு போல ஒன்று,
பதினான்கு காலில் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டிருந்தது.
தண்ணீர்ப் பெஞ்சுகடிப்பான் என்பார்கள் இங்கே.
எந்தப் பெஞ்சையும் அது கடித்ததில்லை.
வார்ப்பிரும்புக் குழாய்க்குள்
துருவின் மேல் படியும் வழுவழுப்பை மேய்ந்து மேய்ந்து
வெயிலுக்கென்று வைத்திருந்த நிறத்தை
எந்தத் தலைமுறையிலோ தொலைத்துவிட்டது.

"ஆபத்தில்லை."
நான் சொல்லவேண்டிய வரி அது, சொன்னேன்.
"தெரியும். இன்றைக்கும் அதே தண்ணீரில்தான் காப்பி" என்றார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா?"

யாராவது.

இருக்கிறார்கள், யெப்பெ.
ஒற்றைக்கண் துடுப்புக்காலிகள்,
நூல் பிரிந்த இழை மாதிரிப் புழுக்கள்,
வால்வுக்குப் பின்னால், நீர் நிதானிக்கும் இடத்தில்
ஒரு நத்தை, அவசரமே இல்லாமல்.
உங்கள் தெருவுக்கடியில் இன்னொரு தெரு,
ஒருபோதும் விடியாதது.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"கொஞ்சம்" என்றேன்.

இரவு பதினொன்றுக்கு நானும் மொகென்ஸும்
தெருமுனைத் தீயணைப்புக் குழாயைத் திறந்து வலையைக் கட்டினோம்.
முதலில் செம்மண் நிறம், அப்புறம் வெறும் சத்தம்.
வலையில் தேயிலைச் சக்கை போல ஒரு கைப்பிடி.
கிளறினால் பெரும்பாலும் தோல்கள்,
வளர்ந்தபோது கழற்றிப் போட்ட சட்டைகள்.
இரண்டு மட்டும் உயிரோடு,
ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொண்டு.
மொகென்ஸ் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினான்.

ஆய்வகத்தில் ஜாம் பாட்டில்காரியை
லென்சுக்கடியில் புரட்டினேன்.
அடிவயிற்றில் ஒரு பை.
பைக்குள் நெளிவு.
முதல் தடவை எண்ணியபோது நாற்பத்தொன்று,
இரண்டாம் தடவை நாற்பத்துமூன்று,
மூன்றாம் தடவை அவள் திரும்பிக்கொண்டாள்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
உயிரிகள், எண்ணிக்கை.
பேனா அதன்மேல் கொஞ்சம் நின்றது.
ஒன்று என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டம், எடுத்த நடவடிக்கை.
குழாய் கழுவப்பட்டது என்று எழுதி,
தேதி போட்டு,
கை கழுவப் போனேன்.
குழாயைத் திறக்கும்போது
யார் வீட்டுக் கதவையோ தட்டுகிற கூச்சம்.

காலையில் யெப்பெ அழைத்தார்.
முடிவை அவர் கேட்கவில்லை.
பாட்டில் திரும்ப வேண்டுமாம்.
அந்த மூடியோடு.