மூன்றடி

கோரேகான் ஃபிலிம் சிட்டியின் பின்மேட்டில்
சேறும் கேபிளும் பின்னிக் கிடக்க
நிற்கிறது வேன்.
பட்டனை அழுத்தினால் பக்கச்சுவர் நகர்ந்து
மூன்றடி அறை வெளியே வரும்.
கதாநாயகி கால் நீட்டிக்கொள்ளலாம்.
இப்போதெல்லாம்
ராத்திரி முழுக்க விட்டுவைத்தால்
இடது மூலை ஒரு விரற்கடை உள்ளே போய்விடுகிறது,
போட்டோவுக்கு வயிற்றை எக்கிக்கொள்பவர்போல.

"எண்ணெய் குறையுது, எங்கேன்னு தெரியல"
என்றார் முதலாளி, போனில்.
டிரைவர் போஜ்ராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
குடை மட்டும் பிடித்தான்.

சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடமில்லை.
ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும்
இதைச் சொல்லிக்கொண்டேதான் நுழைவேன்.
எண்ணெய் சோம்பேறி, ஆனால் வழி தெரிந்தது.
சேசிஸ் விளிம்பைப் பிடித்து நடந்து
ஒரு போல்ட் தலையில் கொஞ்சம் உட்கார்ந்து
சம்பந்தமே இல்லாத மூலையில் போய்
அழும்.

ஜூலை மழை வேறு.
எது தண்ணீர், எது எண்ணெய்?
தரையில் கிடந்த சொட்டைத் தொட்டு
இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தேன்.
தண்ணீர் என்றால் விட்டுப்போகும்.
இது போகவில்லை.
கோகம் சர்பத் நிறம்.

மண்ணெண்ணெயில் துணி நனைத்து
தொட்டியிலிருந்து சிலிண்டர் வரை துடைத்தேன்,
பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பொறுமையோடு.
இல்லை, அவ்வளவு பொறுமை எனக்கில்லை.
திட்டிக்கொண்டேதான் துடைத்தேன்.

விரலால் தடவக்கூடாது.
சக்கூர் தடவினான், காட்கோபரில், ஒரு கிரேனில்.
ஊசித்துளைதான். வலிக்கவே இல்லை என்றான்.
தோலைத் தைத்து எண்ணெய் உள்ளே போயிருந்தது.
மறுநாள் சுட்டுவிரல் இல்லை.
அதனால் எனக்கு அட்டை. பிஸ்கட் பெட்டியைக் கிழித்து
ஹோஸ் நெடுக நீட்டிப் பார்த்தேன்.
அட்டையை மழை ஊறவைத்துவிட்டது.

மேலே மேக்கப் ஷர்வரி எட்டிப் பார்த்தாள்.
ஒரு டப்பா பவுடரை நீட்டினாள்.
"தேதி முடிஞ்சது. எடுத்துக்கோ."
பஃப்பும் தந்தாள்.
ஆக, நாற்பத்தாறு வயதில், சேற்றில் மல்லாந்து
ஒரு ஹோஸுக்கு முகப்பவுடர் பூசினேன்.
பம்ப் ஓடியது. அறை முழுசாய் வெளியே வந்தது.
டார்ச்சை அடித்தபடி கிடந்தேன்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
முதுகுக்குள் தண்ணீர் இறங்கியது.
பத்து நிமிடம்.
பிறகு இடது சிலிண்டருக்குப் போகிற வழியில்
பிராக்கெட் ஓரத்தில்
பொட்டு வைத்தாற்போல்
ஒரு சிவப்பு.

பிராக்கெட்டைக் கழற்றினேன்.
கை நுழையாத பின்பக்கத்தில்
ஹோஸைச் சுற்றி ஒரு பூப்போட்ட துணி,
நாலாய் மடித்து,
மேலே இறுக்கிய சைக்கிள் டியூப்.
குடித்துக் குடித்துக் கனத்திருந்தது.

போஜ்ராஜ் குடையைக் கை மாற்றினான்.
"மூணு மாசமா," என்றான்.
வாரம் அரை லிட்டர், அவன் காசில்.
கராஜுக்குப் போனால் பத்து நாள் வண்டி திரும்பாது.
ஷூட்டிங் முடிந்த ராத்திரிகளில்
அந்த மூன்றடியில்தான் அவன் கட்டை சாயும்,
பக்கத்தில் ஊரிலிருந்து வந்த தம்பியும்.
சுவர் உள்ளே போனால் ஒருவன் நிற்க வேண்டும்.

சாக்கிநாக்காவில் புது ஹோஸ் அடித்து வந்து
மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம்.
இதற்கா மூன்று மாதம் என்று
வாய்வரை வந்தது.
பில்லில் எழுதினேன்:
ஹோஸ் ஒன்று, உரசித் தேய்ந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன்.
இன்றைக்கு ராத்திரி சோதிக்க வேண்டும்.
அறையை முழுசாய் நீட்டி
விளிம்பில் சாக்பீஸ் கோடு போட்டு
எட்டு மணி நேரம்.
உள்ளே எடை இருக்க வேண்டும்.
"எவ்வளவு எடை?"
"ரெண்டு ஆள்."

காலை ஆறு மணிக்கு போஜ்ராஜ் கூப்பிட்டான்.
கோடு நகரவில்லை.
"வலது பக்கம் ஒரு சொட்டு கிடக்கு. மழையா?"
தொட்டுத் தேய்த்துப் பார் என்றேன்.
இரண்டு விரல் தேய்கிற சத்தம்
போனில் கேட்காது.
காதில் வைத்தபடியே இருந்தேன்.