பூச்சியம் கிடந்த இடம்

கடல்மட்டம் எண்டா எந்தக் கடல், எத்தினை மணிக்கு
என்று கேட்டார் பேக்கரி ஹயாத்து.
நான் அவருடைய வாசற்படிக்கு முன்னால் முழந்தாளிட்டு
பழைய வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்தச் சுவரடியில் ஒரு பித்தளை ஆணி இருக்கவேண்டும்.
ஊரின் உயரங்கள் எல்லாம் அதில் தொங்குகின்றன:
ஆஸ்பத்திரி, தண்ணீர்த் தாங்கி, கோணேசர் மலை,
வெயிலுக்கு ஒதுங்கிப் படியில் படுத்திருக்கும் இந்தப் புள்ளிமான்.

பத்தொன்பது வருஷம் மணிக்கு மணி அளந்து
கூட்டிப் பிரித்தால் வருவது, என்றேன்.
நிலா தன் கோணலையெல்லாம் ஒருமுறை காட்டி முடிக்க
அவ்வளவு காலம் வேண்டும்.

போறணைக்குள் பாணைத் தள்ளியபடி சொன்னார்:
அப்ப அந்த உயரத்தில கடல் ஒருநாளும் நிண்டதில்ல.

நின்றதில்லை.
ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் கடந்திருக்கிறது,
ஆளில்லாத தரிப்பிடத்தை பஸ் கடப்பதுபோல.

துறைமுகத்தில் ஒரு குழாய் நிற்கிறது.
அடியில் சிறு துளை;
அலையை வெளியே மறித்து, தண்ணீரை மட்டும் உள்ளே விடும்.
மிதவை எழும்ப பேனா எழும்பும்.
தாள்களின் ஓரத்தில், நீல மையில்,
குலவீரசிங்கம் என்று ஒருவர்:
"மணிக்கூடு ஏழு நிமிடம் பிந்தியது."
"துளையைச் சிப்பி அடைத்தது. சுரண்டினேன்."
"ஊரடங்கு. வர இயலவில்லை."
"ஊரடங்கு."
பிறகு பதினொரு மாதம் தாளே இல்லை.

இடைவெளியை நிரப்பவா என்று கணினி கேட்கும்.
இந்தப் பக்க எண்ணுக்கும் அந்தப் பக்க எண்ணுக்கும் நடுவே
ஒரு நேர்கோடு. எவ்வளவு சாதுவான கோடு.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
வெறுமையும் ஓர் அளவீடுதான் என்று
அறிக்கையில் எழுத இடமில்லை.

வாடையில் ஊதி, கச்சானில் வற்றி,
அதற்குள்ளே மறைந்து மறைந்து
கோடு மேலே போகிறது, வருஷத்துக்கு ஓர் அரிசியின் தடிப்பு.
கடல் எழும்புகிறதா, துறை தாழ்கிறதா?
குழாய்க்கு இரண்டும் ஒன்று.
மூதூர் படகில் கயிறு பிடிக்கும் முபீஸ்
படியை எண்ணுகிறான்: முந்தி ஐந்தாவது காய்ந்திருக்கும்,
இப்ப அதில பாசி.
அவனிடம் தாள் இல்லை. இடைவெளியும் இல்லை.

"ஆணியோ?" என்றார் ஹயாத்து திடீரென்று.
"படி உடைச்சுக் கட்டேக்க கழண்டு வந்தது."
கல்லாவுக்குப் போய்
கடன் துண்டுகளின் மேலிருந்து எடுத்து வந்தார்.
தலையில் அம்புக்குறி, கோதுமைமா,
உள்ளங்கைச் சூடு.

பூச்சியம் என் கையில் கனத்தது.
மான் எழுந்து, எந்த உயரத்திலும் இல்லாமல்,
வீதியைக் கடந்து போனது.

படிவத்தில் "நிலை" என்ற கட்டத்துக்கு
சொல் தேடினேன்.
இந்த ஊரில் அதற்குத் தேடவே தேவையில்லை:
இடம்பெயர்ந்தது.

இரண்டு பணிஸ் வாங்கினேன்.
காற்று உள்ளே வந்தது.
அதத் தந்திட்டுப் போங்க தம்பி, என்றார்,
துண்டெல்லாம் பறக்குது.