காது அடைப்பு

தலை வந்தபோது உப்பில் கிடந்தது.
கொம்பில் நாற்பத்தொரு முனை.
இடக் காதில் ஒரு துளை,
சட்டைப் பொத்தான் நுழையும் அளவு.

ஃபேர்லியில் எல்லோருக்கும் தெரியும்
அதில் என்ன தொங்கியதென்று:
மஞ்சள் பிளாஸ்டிக், கறுப்பு எண்.
வேட்டை வேலிக்குள் விடும் அன்று கழற்றுவார்கள்.
கழற்றியதும் அது காட்டு மான்.

பிராக்வே ஒஹாயோக்காரர்,
குளியல்தொட்டி வியாபாரம்.
மூன்று நாள் மலையேறி முழங்கால் வீங்கிற்றாம்.
வழிகாட்டி ஹேமிஷ் மதுக்கடையில் சொன்னான்:
முதல்நாள் விடியலிலேயே
கதவருகே நின்றதாம் மான்.
காற்று சரியில்லை என்று ஆளைத் திருப்பி
ஒரே குன்றை மூன்று தரம் சுற்ற வைத்தானாம்.
"அங்குலத்துக்கு இவ்வளவு என்று கொட்டியவன்
கொஞ்சமாவது வியர்க்க வேண்டாமா?"

நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"கறிக்கூடம் போயிருந்தால் ஆயுள் இரண்டு வயசு.
இது எட்டு வருஷம் புல் தின்றது.
எது மேல், சொல்லு" என்றான்.
சொல்ல வரவில்லை.
நானும் கொல்பவன்தான்.
வரையாட்டின் பின்னே ஆறு நாள் பனியில் அலைந்து
வாலைக்கூடக் காணாமல்
ஈரக் காலுறையோடு இறங்கியவன்.
மான் சாசேஜ் விலக்கில்லை எனக்கு.
பிறகு ஏன் இந்தத் துளையில்
சுண்டுவிரல் போய்ப் போய் மாட்டுகிறது?

வியாழனன்று நைரி வந்தாள்,
பண்ணையில் தீவனம் வைப்பவள்.
மறியாயிருந்தபோது புட்டிப்பால் தந்தது அவள்தான்.
தலையைப் பார்க்கவில்லை.
சுவரில் மாட்டிய ரம்பத்தைப் பார்த்தபடி கேட்டாள்:
"ஓடிச்சா?"

பிராக்வேயின் கைத்தடி கல்லில் தட்டியதும்
வாளிச் சத்தமென்று நினைத்ததோ என்னவோ,
நிமிர்ந்து
இவர்களை நோக்கி நடந்து வந்ததாம்.
ஹேமிஷ் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"ஓடிச்சு" என்றேன்.

வெளியே அவள் வண்டி
நெடுநேரம் கிளம்பவில்லை.

பிராக்வே மின்னஞ்சலில் கேட்டது இரண்டு:
துளை தெரியக்கூடாது.
முகத்தில் திடுக்கிடல் வேண்டும்,
ஆபத்தை அப்போதுதான் முகர்ந்ததுபோல.

திடுக்கிடல் எனக்குக் கைவந்தது.
மூக்கை விரித்து, காதை முன்னே தள்ளி,
கண்ணாடிக் கண்ணின் மேல் இமையை
ஒரு நூல் ஏற்றினால் போதும்.
ஏற்றினேன்.
களிமண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு
மறுபடி ஏற்றினேன்.
ஒவ்வொரு முறையும் அது
யாரோ வருகிறார்கள் என்றே பார்க்கிறது.

தோலைப் பாடம் செய்வது என் தொழில்,
பாடம் சொல்வதல்ல.
உள்ளிருந்து துண்டுத் தோல் வைத்துத் தைத்தேன்.
மெழுகு தேய்த்து, மயிரை மேலே சீவிவிட்டேன்.
ரசீதில் கடைசி வரி:
காது அடைப்பு, நாற்பது டாலர்.