இரண்டு செக்கன்

எங்கள் கழகத்தில் ஒருவரும் குதிரையைத் தொட்டதில்லை.
கோப்பாய் இளம் கமக்காரர் கழகம்:
பதினேழு பேர், ஐந்து மண்வெட்டி,
வாடகைக்கு ஒரு தண்ணீர்ப் பம்பி.
கூட்டக் குறிப்பேட்டில் பாதி வெங்காயம்,
மீதி, யார் யார் வரவில்லை என்பது.

இந்த வருடப் போட்டி குதிரை பற்றியது என்று
கடிதம் வந்த அன்று கோகுலரூபன் சிரித்தான்.
"போன முறை முயல். அதுக்கு முன்னம் தேனீ.
வாற வருசம் யானையோ?"

ஆனாலும் படித்தோம்.
பீற்றூட் பாத்திக்குத் தண்ணி மாறிக்கொண்டே
நான் கேட்பேன், மதுஷாந்தி சொல்வாள்:
நாற்பது பல்.
சினைக்காலம் பதினொரு மாதம்.
உயரத்தைக் கையால் அளப்பது, ஒரு கை நாலு அங்குலம்.
வாந்தி எடுக்க ஏலாது.
பித்தப்பை இல்லை.
"அப்ப கசப்பை எங்க வைக்கும்?"
என்று கேட்டவள்
பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரம்பை வெட்டிவிட்டாள்.

திருநெல்வேலி மண்டபத்தில்
ஒரு மின்விசிறி சுற்றாமல் சத்தம் மட்டும் போட்டது.
நெடுந்தீவு அணி கடைசியாக வந்தது.
மூன்று பேர். மூன்று பேரின் சப்பாத்தும் ஈரம்.
கடல் கொஞ்சம் அடிச்சது என்றாள் ஒருத்தி,
மழை தூறியது என்பதைப் போல.
றெஜினோல்டா என்ற அவள் பெயரைக்
கரும்பலகையில் எழுதியவர்
இரண்டு முறை அழித்து மூன்றாம் முறையும் பிழைவிட்டார்.

பல்லுக் கேள்விக்கு அவர்கள் முப்பத்தாறு என்றார்கள்.
அட்டையில் நாற்பது.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
"நான் எண்ணினது முப்பத்தாறு"
என்றாள் றெஜினோல்டா.
கேள்வி கேட்ட மிருக வைத்தியர்
ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு
"அது பெண் குதிரையாக இருந்திருக்கும்"
என்று அரைப் புள்ளி போட்டார்.
எங்கே வைத்து எண்ணினாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

அந்த அரையோடு அவர்கள் எங்களுக்குச் சமமாக வந்தார்கள்.
கடைசிக் கேள்வி, இரு அணிக்கும் பொது:
உடலில் நீர் வற்றிய குதிரையை எப்படி அறிவீர்கள்?

அவள் எழுந்தாள்.
"கேணியடிக்கு வந்து நிக்கும்.
நாங்கள் வாளியோட கிட்டப் போனாலும்
ஓடாது."
மண்டபம் மிச்சத்துக்குக் காத்திருந்தது.
அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். மூச்சு விடாமல் சொன்னேன்:
கழுத்துத் தோலைக் கிள்ளி விட வேண்டும்,
இரண்டு செக்கனுக்குள் அது
பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால்.
வசனத்தை முடிக்கு முன்னமே கைதட்டல்.
அட்டையில் இருந்தது அப்படியே அதுதான்.

பரிசு, முதுகில் கொளுவும் தெளிகருவி,
பதினாறு லீற்றர்.
குதிரைக்கு ஒரு நாளைக்கு முப்பது லீற்றர் என்று படித்திருந்தேன்.
கணக்குத் தானாக ஓடியது: ஏறக்குறைய இரண்டு தாங்கி.

பரிசளிப்புக்கு அவர்கள் நிற்கவில்லை.
குறிகட்டுவானில் நாலு மணிப் படகு.
வாசலுக்கு ஓடிப்போய்ப் பிடித்தேன்.
சொல்ல வந்தது வேறு, வந்த சொல்
"உங்கட விடையும் சரியெண்டுதான் நினைக்கிறன்."
"உங்கடையும் சரிதான்" என்றாள்.
பிறகு, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு:
"ஆனா அது தோலைத் தொட விட்டுதெண்டால்
எண்ணத் தேவையில்லை."
ஈரச் சப்பாத்து சதக் சதக்கென்று
படியில் ஏறியது.

அன்று பின்னேரம் தோட்டத்தில் பம்பி ஓடியது.
எங்கள் கிணறு நிறைவாகத்தான் இருந்தது.
வாய்க்காலடியில் குந்தியிருந்து
என் புறங்கையைக் கிள்ளி விட்டேன்.
ஒன்று சொல்லு முன்னம் தோல் திரும்பிவிட்டது.
இன்னொரு முறை கிள்ளினேன்.
இன்னொரு முறை.

"பாத்தி உடைக்குதடி!" என்று
கத்திக்கொண்டு ஓடிவந்தாள் மதுஷாந்தி.
தண்ணீர் வரம்பைத் தாண்டி
ஒழுங்கை வரை போயிருந்தது.