ஐந்து கியூப்

கமக்காரர் அமைப்பின் வங்கிப் புத்தகம் என் கைப்பையில்.
நெல் வைக்க ஒரு களஞ்சியம், அதற்கு
இடுப்பளவு உயரத்தில் கல் அடித்தளம்.
போன மாரியில் சீமெந்துச் சுவர் குடித்த ஈரம்
நூற்றிப் பதினேழு மூட்டையை முளைக்க வைத்தது,
சாக்குக்குள்ளேயே, பச்சைப்பசேலென்று, வெட்கமில்லாமல்.
அதனால் ஒட்டுசுட்டானிலிருந்து
அரைத் தாங்கி பெற்றோலோடு
கல் பார்க்கப் புறப்பட்டேன்.

முதலில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்.
லொறிக்காரர் பேப்பரில் சுற்றி மாதிரி தந்தார்.
வெள்ளையென்றால் வெள்ளை,
பக்கத்தில் வைத்தால் விபூதி மங்கும்.
இரவு வாளித் தண்ணீரில் போட்டு
விடியக் கடைத் தராசில் நிறுத்தேன்.
கிலோவுக்கு எண்பது கிராம் குடித்திருந்தது.
இவ்வளவு தாகமுள்ளதை
நெல்லுக்குக் காவல் வைக்க முடியாது.

அடுத்தது, ஒருவர் இருட்டில் வந்து சொன்னது.
பெயர் எழுதமாட்டேன், அவருடைய மகள் என் மகனோடு படிக்கிறாள்.
"காட்டுக்குள்ள உடைஞ்ச குளம் ஒண்டு கிடக்கு அக்கா.
துருசுக் கல்லெல்லாம் சும்மா கிடக்கு.
ஆர் வெட்டினதெண்டு ஆருக்குத் தெரியும்?
மெசின் கூலி மட்டும் தாங்கோ."
போய்ப் பார்த்தேன். பொய்யில்லை.
நாலு பக்கமும் மட்டம் பிடித்த கல்,
ஒன்றின்மேல் உடும்பு வெயில் காய்ந்தது.
சும்மா என்ற சொல் என் கொப்பியில் இனிக்கும்.
ஆனாலும் அந்தக் குளம் முடிந்துபோனதென்று
எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் எழுதவில்லையே.
ஒருநாள் தண்ணீர் திரும்பி வந்து
என் கதவு எங்கே என்று கேட்டால்?
வேண்டாமென்றேன்.
குழுவில் மூன்று பேர் இன்றைக்கும்
என்னோடு தலையாட்டுவதோடு சரி.

பிறகு நெடுங்கேணிப் பக்கம், பேமிட் உள்ள குவாரி.
அந்தோனிமுத்து மேசனும் வந்தார்,
பின்சீற்றில், என் குடையைப் பிடித்துக்கொண்டு.
"நூறு வருசத்துக்கு அசையாது" என்றார் முதலாளி.
எல்லாரும் சொல்வது நூறு வருசம்தான்,
ஒருவரும் தொண்ணூறு என்று சொல்வதில்லை.

குவியலின் மேலே சுத்தியலோடு புவனலெட்சுமி.
என் வயதில் பாதி இருக்கும்.
முகம் முழுக்கத் தூசு, கண் மட்டும் கறுப்பு.
முதலாளி போனோடு திரும்பிய நேரம்
நான் கேட்காமலே தட்டினாள்.
ஒரு கல் கணீரென்றது. இன்னொன்றும்.
மூன்றாவதில் பூசணிக்காயைத் தட்டின சத்தம்.
"வெடிமருந்து கூடிப்போச்சு. உள்ளுக்கு விரிசல்.
மேல பாத்தா ஒண்ணும் தெரியாது."

போன் முடிந்துவிட்டது.
"உன்னை ஆர் தட்டச் சொன்னது?"

பத்து வருசக் கணக்கில்
ஒரு ரூபா பிழையாய் எழுதாதவள் நான்.
"நான்தான் சொன்னனான்" என்றேன்.
அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.
மேசன் குடையை விரித்து மடித்தார், தேவையில்லாமல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லோட்டுக்கும் போனேன்,
சொன்ன பொய்யை உண்மையாக்க
நானே தட்டி ஏற்ற வேண்டியதாயிற்று.
உள்ளங்கை கொப்பளித்தது.
கடைசி லோட்டுக்குப் போகவில்லை. மகனுக்குக் காய்ச்சல்.

ஐப்பசி வந்தது. மழை அடித்த அடியில்
முற்றம் கரைந்து ஓடியது.
உள்ளே நெல் உலர்ந்து, வாயில் போட்டால்
பல்லுக்கு நொறுங்கியது.

தை மாதம் கணக்காய்வாளர் வந்தார், கண்ணாடியைத் துடைத்தபடி.
"வாங்கினது ஐந்து கியூப்.
கட்டினது நாலே முக்கால்.
மிச்சம் எங்கே?"
வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.
வாசலுக்குப் பக்கத்தில் குவியல்,
மேசன் ஒதுக்கிவைத்த ஊமைக் கற்கள்.
பெரியதில் யாரோ கத்தி தீட்டிய தழும்பு.

அவர் குனிந்து
பேனாவால் ஒருதரம் தட்டினார்.
பிறகு காதைக் கிட்டக் கொண்டுபோய்
இன்னொருதரம்.