மிக விசுவாசமான வாடிக்கையாளர்

ஸ்ரான்லி வீதி, மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
பதினொரு கணினி, ஒரு ஏசி;
மூன்று மணிக்குப் பிறகு அதுவும் இருமத் தொடங்கும்.
எங்கள் வேலை பெட்டி கீறுவது.

ஆரோ ஊருக்கெல்லாம் காட்டிய பிறந்தநாள் படம் வரும்.
கேக்கை விடு, பிள்ளையை விடு,
மேசை மூலையில் ஒரு சோடாப் போத்தல் நிற்கிறதே,
அதைச் சுற்றிச் சதுரம்.
சாமத்தியவீடு வரும். பெட்டையின் முகத்தை விடு.
பின்னால் மாமா பிடித்திருக்கும் பிஸ்கற் பெட்டி
பாதிதான் தெரிகிறது, பரவாயில்லை, கீறு.
செத்தவீட்டுப் பந்தலிலும்
பால்மா விளம்பரம் அச்சடித்த கதிரைகள்.

நாளுக்கு நானூறு படம்.
இயந்திரம் எங்களிடம்தான் படித்தது,
ஆறு மாதத்தில் எங்களை விஞ்சியது.
கிழிந்த லேபல், மழையில் ஊறிய லேபல்,
நாய் மிதித்துக்கொண்டு நின்ற மூடி
எல்லாம் பிடித்தது.

கொழும்பிலிருந்து ஐஸ்கிறீம் கம்பனி எழுதிக் கேட்டது:
வடக்கில் எங்களை அதிகம் நேசிப்பது யார்?
நேசம் என்றுதான் இருந்தது. வாசித்துச் சிரித்தோம்,
பிறகு தேடினோம்.

குருநகர். எமில்டா.
மகன் போட்ட படங்கள் நாற்பத்தொன்று,
ஒவ்வொன்றிலும் அவர்களுடைய இரண்டு லீற்றர் வனிலாப் பெட்டி.
நிச்சயம்: தொண்ணூற்றேழு வீதம்.

கீர்த்திகன் கமெராவோடு, நான்
ஒரு வருட இலவச ஐஸ்கிறீம் என்று எழுதிய
கதவளவு அட்டையோடு மோட்டார்சைக்கிளின் பின்னால்.
கடற்காற்று அட்டையைப் பிடித்து இழுத்ததில்
இரண்டு தரம் விழப் பார்த்தோம்.

அவர் இறால் தெரிந்துகொண்டிருந்தார்.
சுற்றிவரப் பெட்டிகள்.
ஒன்றில் இறால், ஒன்றில் தூண்டில் முள்,
ஒன்றில் செபமாலையும் கரண்ட் பில்லும்,
ஒன்றில் கறிவேப்பிலைக் கன்று.

"உது மண்டபத்தில கலியாணம் முடிய எறியிறது தம்பி.
போய்ப் பொறுக்கிறனான். மூடி இறுக்கம், தண்ணி ஒழுகாது."
அப்ப ஐஸ்கிறீம்?
"எனக்குச் சீனி வருத்தமெல்லே, பன்ரண்டு வருசமா."

கீர்த்திகன் கமெராவை இறக்கினான்.
"என்ர படம் உங்களிட்ட எப்பிடி?"
பொதுவில் போட்டது, அனுமதி, விதிமுறை என்று
ஏதோ விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.
"நாப்பத்தொண்டும் பாத்தனீங்களோ?"
ஓம்.
"பாத்தனீங்கள்..." என்று இழுத்தார்.
இடக்கையைச் சேலைத் தலைப்புக்குள் எடுத்துவிட்டு
"ஒண்டும் கேக்கேல்லையே" என்று சிரித்தார்.

எனக்கு விளங்கவில்லை.
போகும்போது அரைக்கிலோ இறால் தந்தார்,
அந்தப் பெட்டியில்தான்.
அட்டையைச் சுவரோடு சாத்திவிட்டு வந்தோம்.
கோழிக்கூட்டுக்கு நல்ல மறைப்பு என்றார்.

இரவு தனியே இருந்து மீண்டும் திறந்தேன்.
பதினேழாவது படத்தில் இடக்கையில் வெள்ளைக் கட்டு.
இருபத்துமூன்றில் கட்டு மணிக்கட்டுவரை.
முப்பத்திரண்டில் ஆசுபத்திரிக் கட்டில்,
தலைமாட்டில் பெட்டி, உள்ளே தோடம்பழம்.
முப்பத்தாறில் கட்டு இல்லை.
சுண்டுவிரலும் இல்லை.

எல்லாப் படத்திலும் நேரான, அழகான சதுரங்கள்.
பதினொன்று நான் சரிபார்த்தவை,
என் பெயர் கீழே இருக்கிறது.

கையைச் சுற்றி ஒரு பெட்டி கீறினேன்.
வர்த்தகப் பெயர்? என்று கேட்டது.
வெறுமையாக விட்டால் சேமிக்காது.
எமில்டா என்று அடித்தேன்.
அறியாத பெயர்,
கற்றுக்கொள்ள ஐம்பது உதாரணமாவது வேண்டும் என்றது.

பதினேழிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.
என்னிடம் இருப்பது இருபத்தைந்து.